பெட்டி யார் பேரில் இருக்கிறது?

என் அம்மாவின் தகரப் பெட்டிக்குள் ஒரு மஞ்சள் பை இருக்கிறது. வீட்டின் காகிதங்கள் எல்லாம் அதற்குள்தான். ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது, மின்கட்டண அட்டை, அப்பாவின் இறப்புச் சான்றிதழ், அம்மாவின் பீடிக் கார்டு. இவற்றோடு நான்காக மடித்த ஒரு கேபிள் டிவி படிவத்தின் நகலும் உண்டு. 2017 பிப்ரவரியில் நிரப்பியது. சந்தாதாரர் பெயர் என்ற கோட்டில் என் தம்பியின் பெயர் இருக்கிறது. அப்போது அவன் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். ஊருக்கு வருவது பொங்கலுக்கும் தீபாவளிக்கும். அந்தப் பெட்டிக்குப் பணம் கொடுத்தவள் அம்மா. அதற்கு முன்னால் உட்கார்ந்து தினமும் பீடி சுற்றியவளும் அம்மாதான்.

“பெட்டி இங்க இருக்கு, பேரு திருப்பூர்ல இருக்கு” என்று அம்மா அப்போது சிரித்துக்கொண்டே சொன்னாள். நானும் சிரித்துவிட்டு மறந்துபோனேன். சில ஆண்டுகள் கழித்து அனலாக் ஒளிபரப்பிலிருந்து டிஜிட்டலுக்கு மாறிய கதையைப் படிக்கத் தொடங்கியபோது அந்த வாக்கியம் திரும்ப வந்தது. உலகம் முழுக்க இந்த மாற்றத்தைப் பற்றிய அரசு ஆவணங்களில் தவறாமல் வரும் சொல் ‘வீடு’. எத்தனை வீடுகள் மாறின, எத்தனை வீடுகள் இன்னும் தயாராகவில்லை என்றே கணக்கு எழுதப்பட்டது. வீடு தானாகத் தயாராகாது. உள்ளே யாரோ அந்த வேலையைச் செய்ய வேண்டும். அந்த யாரோவின் பெயரைத் தேடித்தான் இந்தக் கட்டுரை.

*

முதலில் சட்டத்தின் கதை. இந்தியாவில் கேபிள் டிவியை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1995-இல் வந்தது. 2011 இறுதியில் அது திருத்தப்பட்டது. நாட்டின் கேபிள் இணைப்புகள் எல்லாம் நான்கு கட்டங்களில் டிஜிட்டலுக்கு மாற வேண்டும் என்றது திருத்தம். முதல் கட்டம் டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை. 2012 ஜூன் 30 என்று குறித்த நாள் அக்டோபர் 31-க்குத் தள்ளிப்போனது. சென்னையில் உயர்நீதிமன்ற வழக்குகளால் அதுவும் இழுபட்டது. இரண்டாம் கட்டத்தில் 38 நகரங்கள். தமிழ்நாட்டிலிருந்து அதில் இடம்பெற்றது கோயம்புத்தூர் மட்டும். கெடு 2013 மார்ச் 31. மூன்றாம் கட்டத்தில் மற்ற நகர்ப்புறங்கள், 2015 டிசம்பர் 31. நான்காவதாகக் கிராமங்கள். 2016 டிசம்பர் 31 என்ற கெடு பின்பு 2017 மார்ச் 31 ஆனது. கடையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர் இந்தக் கடைசிக் கட்டத்தில் வந்தது.

சென்னைப் பெண்களுக்கு இது புதிய அனுபவம் அல்ல. 2003 செப்டம்பரிலேயே கட்டணச் சேனல்களைப் பார்க்கப் பெட்டி வாங்க வேண்டும் என்ற விதி அங்கே நடைமுறைக்கு வந்துவிட்டது. மற்ற மூன்று பெருநகரங்களில் அது தள்ளிப்போய்க்கொண்டிருக்க, சில ஆண்டுகள் சென்னை மட்டுமே அந்த விதியோடு வாழ்ந்தது.

மாற்றத்துக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் முக்கியமானது கணக்கு. கேபிள் நடத்துபவர்கள் தம்மிடம் இருக்கும் இணைப்புகளைக் குறைத்துக் காட்டுகிறார்கள், அதனால் சேனல்களுக்கும் வரி வாங்கும் அரசுக்கும் வரவேண்டிய பணம் வருவதில்லை என்றார்கள். அது உண்மைதான். அதைத் தடுக்கும் வழி தொழில்நுட்பத்திலேயே இருந்தது. அனலாக் கேபிளில் ஒவ்வொரு சேனலும் கம்பிக்குள் தனக்கென்று ஏழெட்டு மெகாஹெர்ட்ஸ் இடம் பிடித்துக்கொள்ளும். நூறு சேனல் என்றால் கம்பி நிறைந்துவிடும். வருவதை டிவியே நேராகப் பிடித்துக் காட்டும். ஒரு கம்பியில் ஸ்பிளிட்டர் மாட்டி இரண்டாகப் பிரித்தால் இரண்டு வீட்டில் பார்க்கலாம். படம் கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான். டிஜிட்டலில் படமும் ஒலியும் எண்களாகச் சுருங்குகின்றன. ஒரு சேனல் இருந்த இடத்தில் பத்துக்கும் மேல் அனுப்பலாம். ஆனால் அவை பூட்டி அனுப்பப்படுகின்றன. ஒவ்வொரு டிவிக்கும் ஒரு பெட்டி வேண்டும். ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் எண் உண்டு. எங்கேயோ இருக்கும் அலுவலகத்திலிருந்து அந்த ஓர் எண்ணை மட்டும் திறக்கலாம், மூடலாம்.

இந்த ஏற்பாட்டுக்குச் சட்டம் வைத்த பெயரில் ‘முகவரி’ என்ற பொருள் இருக்கிறது. தனித்தனியே முகவரியிட்டுச் சென்றடையக்கூடிய டிஜிட்டல் முறை என்று அதைத் தமிழில் சொல்லலாம். சந்தாதாரர் வெளிப்படையாக விரும்பி, கேட்டுக்கொண்ட அளவுக்குத்தான் பூட்டு திறக்கும் என்று 2011 திருத்தம் விளக்குகிறது. விருப்பம், கோரிக்கை, சந்தாதாரர் என்ற மூன்று சொற்களையும் படித்தபோது மஞ்சள் பைதான் எனக்கு நினைவுக்கு வந்தது. எங்கள் வீட்டில் விரும்பியவள் ஒருத்தி, சந்தாதாரர் வேறொருவர்.

*

டிவி எங்கள் தெருவுக்கு எப்படி வந்தது என்பதைச் சொன்னால்தான் 2017-இல் என்ன மாறியது என்பது புரியும்.

நான் சிறுபிள்ளையாக இருந்தபோது ஊரில் இரண்டு மூன்று வீடுகளில்தான் டிவி. ஓட்டுக்கு மேல் ஆன்டெனா நிற்கும். காற்று திசை மாறினால் இலங்கையின் ரூபவாஹினி வரும். ஆன்டெனாவைத் திருப்ப ஓட்டின்மேல் ஏறுவது ஆண்பிள்ளைகளின் வேலை. கீழே திரையைப் பார்த்து “இன்னும் கொஞ்சம், போதும், போதும்” என்று கத்துவது எங்கள் வேலை. ஞாயிற்றுக்கிழமைப் படத்துக்கு அந்த வீடுகளின் திண்ணைவரை கூட்டம் இருக்கும். எல்லாச் சாதிக்காரருக்கும் அந்தத் திண்ணை திறந்திருந்ததா என்று கேட்டால், இல்லை.

1993 ஏப்ரலில் சன் டிவி தொடங்கியது. தொண்ணூறுகளின் பின்பாதியில் எங்கள் ஊருக்குக் கேபிள் கம்பி வந்தது. கம்பமே இல்லாமல், வேப்பமரத்திலும் முருங்கை மரத்திலும் கட்டிக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். அருந்ததியர் குடியிருப்புக்குத்தான் அது கடைசியாகப் போனது. 1999-இல் ‘சித்தி’ தொடர் வந்தபோது பீடி சுற்றும் பெண்கள் டிவி இருக்கும் வீடுகளில் சொளகோடு வந்து உட்கார்ந்தார்கள்.

பீடி சுற்றுவதைப் பார்த்திராதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இலையைக் கத்தரித்து, தூளை வைத்து, சுருட்டி, முனையை மடித்து, நூல் கட்டும் வேலை அது. பழகிய கைக்குக் கண் தேவையில்லை. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. அந்த ஆயிரத்தை முடிக்க ஒருத்தி அதிகாலையும் மதியமும் இரவுமாக நாளெல்லாம் குனிந்து உட்கார வேண்டும். சும்மா இருக்கும் கண்ணுக்கும் காதுக்கும் முன்பு பேச்சுத் துணை இருந்தது, பிறகு ரேடியோ, அதன் பிறகு டிவி. ‘மெட்டி ஒலி’யும் ‘கோலங்க’ளும் ஓடிய ஆண்டுகளில், ‘சீரியல் பார்த்தே கெட்டுப்போகும் பெண்கள்’ என்று பட்டிமன்றங்களில் நகைச்சுவை சொன்னார்கள். என் கல்லூரிப் பேராசிரியர்களும் சொன்னார்கள். அந்த நகைச்சுவைக்கு நானும் சிரித்திருக்கிறேன். சீரியல் ஓடிய நேரமெல்லாம் என் அம்மாவின் கை நிற்கவில்லை என்பதும், அந்தக் கூலியில்தான் நான் அந்த வகுப்பறையில் உட்கார்ந்திருந்தேன் என்பதும் சிரிக்கும்போது நினைவுக்கு வரவில்லை.

2006 தேர்தலில் தி.மு.க. இலவச வண்ணத் தொலைக்காட்சி தருவதாகச் சொன்னது. அந்த ஆண்டு செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில் திட்டம் தொடங்கியது. 2011 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் கொடுக்கப்பட்டன. மக்கள் பணத்தை இப்படிச் செலவிடலாமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. இத்தகைய வாக்குறுதிகள் தேர்தல் சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகாது என்று 2013 ஜூலையில் தீர்ப்பு வந்தது. அந்த விவாதத்துக்குள் நான் இங்கே போகவில்லை. எங்கள் தெருவில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். குடும்ப அட்டையைக் காட்டி வாங்க வேண்டும். வரிசையில் நின்றவர்கள் பெரும்பாலும் பெண்கள். எங்கள் அட்டையில் தலைவர் அப்பா என்பதால் கடைசியில் அவர் வந்து கையெழுத்துப் போட்டார். 14 அங்குலப் பெட்டியைத் தூக்கி வந்தது அம்மாவும் பக்கத்து வீட்டு மதினியும். அருந்ததியர் குடியிருப்புக்கும் அதே பெட்டி அதே வாரத்தில் போனது. யாருடைய திண்ணையிலும் இனி யாரும் நிற்க வேண்டியதில்லை என்ற மாற்றத்தை என் ஊர் கண்டது அப்போதுதான்.

டிவி இலவசமாக வந்தாலும் கேபிளுக்கு மாதாமாதம் பணம் கட்ட வேண்டும். 2007-இல் தொடங்கி, பின் முடங்கிக் கிடந்த அரசு கேபிள் டிவி நிறுவனத்தை 2011 செப்டம்பரில் ஜெயலலிதா அரசு மீண்டும் இயக்கியது. மாதம் 70 ரூபாய். பல ஊர்களில் அதற்கு முன் வாங்கிய தொகையில் பாதிதான் அது. எங்கள் தெருவில் ஓடியது வேறு ஒரு இணைப்பு. மதினி வீட்டுக்காரர் இறந்த பிறகு அவளால் தனியாகக் கட்ட முடியவில்லை. எங்கள் கம்பியில் ஸ்பிளிட்டர் மாட்டி அவள் வீட்டுக்கு இழுத்துக் கொடுத்தாள் அம்மா. மாதப் பணத்தை இரண்டு பேரும் பகிர்ந்துகொண்டார்கள். சட்டப்படி அது தவறு. அந்தத் தெருவில் அப்படி வாழ்ந்த வீடுகள் பல.

கேபிள்காரரிடம் ஒரு கோடு போட்ட நோட்டு இருந்தது. ‘மாடி வீடு’, ‘வேப்பமரத்து வீடு’, ‘வாத்தியார் வீடு’ என்று அதில் எழுதியிருப்பார். எங்கள் வீட்டை அப்பா இருந்த காலத்திலும் ‘பீடிக்காரம்மா வீடு’ என்றுதான் எழுதியிருந்தார். பணம் கொடுப்பவள் யார் என்று அவருக்குத் தெரியும். அந்த நோட்டில் ரசீது கிடையாது, நியாயமான கணக்கும் கிடையாது. அவர் நினைத்தால் இணைப்பு, இல்லையென்றால் இல்லை. அதை நான் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் டிஜிட்டல் சட்டம் ஒழிக்க நினைத்த அந்தப் பொய்க்கணக்கு நோட்டில்தான், எங்கள் வீட்டில் டிவி பார்ப்பவளும் அதற்குப் பணம் கட்டுபவளும் யார் என்ற உண்மைக் கணக்கு இருந்தது.

*

2016 இறுதியிலிருந்து திரையின் அடியில் எழுத்து ஓடத் தொடங்கியது. குறிப்பிட்ட தேதிக்குள் செட்டாப் பாக்ஸ் வாங்காவிட்டால் ஒளிபரப்பு நின்றுவிடும் என்றது அது. அம்மா எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். ஒரு சொல்லை முடிப்பதற்குள் அடுத்த மூன்று சொற்கள் ஓடிப்போய்விடும். “என்னமோ நிக்கப் போகுதாம், எதுன்னு தெரியல” என்று எனக்குப் போன் செய்தாள். எட்டாம் வகுப்பு படிக்கும் மதினியின் மகள்தான் தெருவில் இருந்த பெண்களுக்கு அதை வாசித்துச் சொன்னாள். அரசு நடத்திய விழிப்புணர்வுப் பிரச்சாரத்தின் கடைசி மைல் அந்தச் சிறுமி.

பிப்ரவரியில் பெட்டி வந்தது. விலை ஆயிரம் ரூபாய்க்கு மேல். வாரக் கூலியில் ஒதுக்கிச் சேர்த்த பணத்தை அம்மா கொடுத்தாள். கேபிள் பையன் படிவத்தை எடுத்தான்.

“யாரு பேர்ல எழுத, பெரியம்மா?”

“என் பேர எழுது.”

“வீட்டுத் தலைவரு பேருதான் போடணும் பெரியம்மா. தம்பி பேரச் சொல்லுங்க, நம்பரும் சொல்லுங்க.”

அம்மா சொன்னாள். அவன் எழுதிக்கொண்டான். நகலைப் பின்பு நான் விரித்துப் பார்த்தேன். ‘சந்தாதாரர் பெயர்’, ‘முகவரி’, ‘தொலைபேசி எண்’, ‘அடையாளச் சான்று’ என்று இருக்கிறது. ‘குடும்பத் தலைவர்’ என்ற சொல் எங்கேயும் இல்லை. சட்டமும் அப்படிக் கேட்கவில்லை. அந்தப் பையன் கெட்டவனும் இல்லை. எந்தப் படிவத்தைக் கண்டாலும் அதில் இல்லாத ‘தலைவர்’ அவன் கண்ணுக்குத் தெரிந்தார். அம்மாவுக்கும் தெரிந்தார். அதனால்தான் அவள் மறுபேச்சுப் பேசவில்லை. ஆணாதிக்கம் சட்டமாக இருக்கும்போது அதை எதிர்த்து வழக்குப் போடலாம். எழுதப்படாத வரியாக இருக்கும்போது முதலில் அதைப் படித்துக் காட்ட வேண்டியிருக்கிறது.

இனி, வீடு தயாரான கதை. டிவி இருந்த அலமாரியில் பெட்டி வைக்க இடம் இல்லை. சாமி படங்களில் இரண்டு இடம் மாறின. பிளக் ஒன்றுதான் இருந்தது. எக்ஸ்டென்ஷன் பெட்டி வாங்கினாள். டிவியின் பின்னால் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஊசிகளைச் செருகும் துளைகள் பல ஆண்டுத் தூசியில் அடைந்திருந்தன. விளக்குத் திரியை முறுக்கி அதைத் துடைத்தது மதினி. ரிமோட் இரண்டானது. டிவி ரிமோட்டை ஏவியில் வைத்துவிட்டு அதைத் தொடவே கூடாது. தவறித் தொட்டால் திரை நீலமாகிவிடும். திரும்பக் கொண்டுவர எந்தப் பொத்தான் என்று தெரியாமல் முதல் வாரம் பல வீடுகளில் திரை நீலமாகவே கிடந்தது. மனப்பாடமாகத் தெரிந்த ஓரிலக்க, ஈரிலக்கச் சேனல் எண்கள் மூன்று இலக்கமாக மாறின. மதினியின் மகள் ஒரு வழி கண்டுபிடித்தாள். ஏவி பொத்தானின் மேல் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினாள். பெட்டியின் ரிமோட்டில் ஆன் பொத்தானுக்குப் பச்சைப் பொட்டு. சேனல் எண்களை ஒரு காலண்டர் தாளின் பின்பக்கம் பெரிதாக எழுதி ஒட்டினாள். ஒரே வாரத்தில் தெருவில் பல ரிமோட்டுகள் பொட்டு வைத்துக்கொண்டன.

தொழில்நுட்ப வரலாற்றில் இந்த வேலைக்குப் பெயர் கிடையாது. பெட்டி செய்த நிறுவனங்களும், தேதி குறித்த அமைச்சகமும், வழக்குப் போட்ட கேபிள் சங்கங்களும் வரலாற்றில் இருக்கின்றன. தூசி துடைத்ததும், பொட்டு ஒட்டியதும், பெட்டி மாட்ட வரும் பையனுக்காகக் காத்திருந்து அரைநாள் கூலியை இழந்ததும் வரலாற்றில் இல்லை. மாற்றம் வெற்றி பெற்றால் அது கொள்கையின் வெற்றி. திரை நீலமானால் மட்டும் ‘பொம்பளைக்கு ரிமோட் கூடப் பிடிக்கத் தெரியவில்லை’.

மதினி வீட்டுக்குப் போன கம்பி நின்றது. பெட்டி வைத்தபின் ஸ்பிளிட்டருக்கு வேலை இல்லை. சில மாதங்கள் அவள் பழையபடி சொளகோடு எங்கள் வீட்டுக்கே வந்தாள். அந்த ஆண்டு ஏப்ரலில்தான் அரசு கேபிள் நிறுவனத்துக்கு டிஜிட்டல் உரிமம் கிடைத்தது. செப்டம்பரிலிருந்து அது பெட்டிகளை விலையில்லாமல் கொடுக்கத் தொடங்கியது. சுமார் 70 லட்சம் இணைப்புகளுக்கு என்று அரசு சொன்னது. மதினிக்கு அப்படி ஒரு பெட்டி அடுத்த ஆண்டு வந்தது. காசு இல்லாத பெண்ணுக்கு ‘இலவசம்’ என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அதைக் கேலி செய்பவர்கள் அந்த வீட்டுக்குள் வந்து பார்த்திருக்க வேண்டும்.

*

இதே மாற்றத்தை வேறு நாடுகள் எப்படி நடத்தின என்று தேடிப் பார்த்தேன். அமெரிக்காவில் ஆன்டெனா வழியாகப் பார்த்தவர்களுக்குத்தான் சிக்கல் வந்தது. பழைய டிவியோடு இணைக்கும் மாற்றிப் பெட்டி வாங்க, ஒரு வீட்டுக்கு 40 டாலர் மதிப்புள்ள கூப்பன்கள் அதிகபட்சம் இரண்டு என்று அரசு கொடுத்தது. ஒதுக்கிய பணம் தீர்ந்து, காத்திருப்போர் பட்டியல் நீண்டது. 2009 பிப்ரவரி 17 என்ற கெடுவை ஜூன் 12-க்குத் தள்ளினார்கள்.

பிரிட்டனில் மாற்றம் 2007 இறுதியில் வைட்ஹேவன் என்ற சிறிய கடலோர ஊரில் தொடங்கி, ஒவ்வொரு பகுதியாக நகர்ந்து, 2012 அக்டோபரில் வட அயர்லாந்தில் முடிந்தது. அங்கே ஓர் உதவித் திட்டம் இருந்தது. 75 வயது கடந்தவர்கள், மாற்றுத்திறனாளிகளில் குறிப்பிட்ட உதவித்தொகை பெறுவோர், பார்வையற்றோர் ஆகியோருக்கானது. வீட்டுக்கு வந்து பெட்டியைப் பொருத்தி, இயக்கக் கற்றுக்கொடுத்து, பிறகு சந்தேகம் வந்தால் கேட்க வழியும் வைத்திருந்தார்கள். ஏழைகளுக்கு அது இலவசம், மற்றவர்களுக்கு 40 பவுண்டு. இதற்கென்று சுமார் 60 கோடி பவுண்டு ஒதுக்கியிருந்தார்கள்.

அமெரிக்கக் கூப்பன் வீட்டுக்குக் கொடுக்கப்பட்டது. பிரிட்டிஷ் உதவி ஆளுக்குக் கொடுக்கப்பட்டது. இந்த வேறுபாடு எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆள் என்று எண்ணும்போது அவருக்கு வயது, கண் பார்வை, விரல் நடுக்கம் எல்லாம் உண்டு என்பது தெரிகிறது. கற்றுக்கொடுப்பதும் வேலை, அதற்குக் கூலி உண்டு என்பதும் தெரிகிறது. எங்கள் தெருவில் அந்த வேலையைச் செய்த எட்டாம் வகுப்புச் சிறுமிக்கு மதிய நேரத்தில் முறுக்குக் கிடைத்தது.

*

பெயர் யாருடையதாக இருந்தால் என்ன, படம் தெரிந்தால் போதாதா என்று சிலர் கேட்கலாம். அம்மாவும் முதலில் அப்படித்தான் நினைத்தாள். மே மாதத்தில் ஒருநாள் திரையில் ஏதோ எழுத்து வந்து நின்றுவிட்டது. சேவை எண்ணுக்கு அழைத்தால், பதிவு செய்த செல்போனிலிருந்து பேசச் சொன்னார்கள். தம்பிக்கு இரவு ஷிஃப்ட். பகலில் தூங்குவான். அவனை எழுப்ப அம்மாவுக்கு மனசில்லை. நான்கு நாள் அப்படியே போனது. “நாலு நாளும் சத்தமில்லாமச் சுத்துனேன். வீடே எழவு வீடு மாதிரி இருந்துச்சு” என்றாள். ஐந்தாம் நாள் தம்பி பேசிச் சரிசெய்தான். “ஒரு சீரியலுக்கு இந்தப் பாடா?” என்று பாசமாகத்தான் கேட்டான். அதற்கு முன்பெல்லாம் கம்பி அறுந்தால் அம்மா தெருமுனைக்குப் போய்க் கேபிள்காரரைச் சண்டை பிடித்துக் கூட்டிவருவாள். இப்போது அவள் மகனிடம் கேட்க வேண்டியவள் ஆகிவிட்டாள்.

2019 பிப்ரவரியில் புதிய கட்டண முறை வந்தது. நூறு சேனல் வரைக்கும் அடிப்படைக் கட்டணம் 130 ரூபாய், அதற்கு மேல் வரி. கட்டணச் சேனல்களுக்குத் தனித்தனி விலை. பார்ப்பவர் தமக்கு வேண்டியதைத் தாமே தேர்ந்தெடுக்கலாம் என்றார்கள். தேர்வுரிமை என்ற சொல் செய்தித்தாள்களில் நிறைய வந்தது. எங்கள் வீட்டின் தேர்வைத் தம்பி திருப்பூரிலிருந்து செல்போனில் செய்தான். கிரிக்கெட் சேனல்கள் வந்தன. அம்மா மதியம் பார்க்கும் பழைய படச் சேனல் ஒன்று விட்டுப்போனது. அவனுக்கு அது தெரியாது, அவன் கேட்கவில்லை. ரீசார்ஜ் பணம் மட்டும் பீடிக் கூலியிலிருந்தே போனது.

பார்ப்பவர்களை அளக்கும் முறையிலும் இதே கதைதான். இந்தியாவில் வீடுகளை நுகர்வோர் வகுப்பாகப் பிரிக்க இரண்டு அளவுகோல்களைப் பயன்படுத்துகிறார்கள். வீட்டில் இருக்கும் சாதனங்கள் ஒன்று. முதன்மையாகச் சம்பாதிப்பவரின் படிப்பு மற்றொன்று. விளம்பரம் விற்பது சீரியல் பார்க்கும் பெண்ணின் கண்ணுக்கு. அவளுடைய மதிப்பைக் குறிப்பது பெரும்பாலும் வீட்டு ஆணின் படிப்பு.

அரசுக்குப் பெண்ணின் பெயர் தெரியாமல் இல்லை. 2013-இன் உணவுப் பாதுகாப்புச் சட்டம், ரேஷன் அட்டைக்கு 18 வயது நிறைந்த மூத்த பெண்ணையே குடும்பத் தலைவராகக் கொள்ள வேண்டும் என்கிறது. 2016-இல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தில் எரிவாயு இணைப்பு பெண்ணின் பெயரில்தான் கிடைக்கும். அரிசிக்கும் அடுப்புக்கும் அவள் பெயர் எழுதப்படுகிறது. அடுப்படியைத் தாண்டி, அவள் உட்கார்ந்து கதை பார்க்கும் இடத்துக்கு வந்தால் பேனா தயங்குகிறது. பெண்ணின் பொறுப்புக்குப் பெயர் உண்டு. அவளுடைய பொழுதுக்கும் விருப்பத்துக்கும் அவள் பெயரைப் போட நமக்கு இன்னும் பழகவில்லை.

அதே மஞ்சள் பையில் இருக்கும் பீடிக் கார்டில் அம்மாவின் பெயர் தெளிவாக இருக்கிறது. வீட்டிலிருந்து பீடி சுற்றுபவரையும் தொழிலாளி என்று 1966-இன் பீடித் தொழிலாளர் சட்டம் ஏற்றது. அது தானாக வந்த சட்டம் அல்ல. சங்கம் கட்டிப் போராடிய பெண்களும் ஆண்களும் அதற்குப் பின்னால் இருக்கிறார்கள். வீட்டுக்குள் நடப்பதும் வேலைதான் என்று அரை நூற்றாண்டுக்கு முன்பே ஒரு சட்டத்தால் எழுத முடிந்திருக்கிறது.

2019 பொங்கலுக்கு வந்திருந்த தம்பி மார்ச்சில் மறுபடி வந்தபோது, அம்மா அவனையும் கூட்டிக்கொண்டு கேபிள் அலுவலகத்துக்குப் போனாள். தன் ஆதாரையும், தேவையே இல்லாமல் அந்தப் பீடிக் கார்டையும் கையில் எடுத்துப் போனாள். பெயர் மாற்ற வேண்டும் என்றாள்.

“எதுக்குப் பெரியம்மா? யார் பேர்ல இருந்தாலும் ஒண்ணுதான?” என்றான் அதே பையன்.

“ஒண்ணுதாம்னா என் பேரப் போடு.”

அவன் போட்டான். தம்பியும் மறுக்கவில்லை. அவ்வளவு எளிதாக முடிந்த காரியம் அது. இரண்டு ஆண்டு ஏன் ஆனது என்று நான் யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

தூர்தர்ஷனின் அனலாக் தரைவழிக் கோபுரங்களும், கேந்திர முக்கியத்துவம் கருதி வைத்திருக்கும் சிலவற்றைத் தவிர, 2022 மார்ச்சுக்குள் மூடப்பட்டுவிட்டன. ஓட்டின் மேல் நின்ற ஆன்டெனாக்களில் கொடி கட்டித் துணி காயப்போடுகிறார்கள். அடுத்த மாற்றம் இணையம் வழியாக வந்துகொண்டிருக்கிறது. அதற்கும் ஒரு கணக்கு, ஒரு கடவுச்சொல், ஒரு செல்போன் எண் வேண்டும். வகுப்பில் என் மாணவிகளுக்கு நான் கொடுக்கும் முதல் ஆய்வுப் பணி இப்போது இதுதான். வீட்டில் இருக்கும் எல்லாப் படிவங்களையும் எடுத்துப் பாருங்கள். மின்சாரம், கேபிள், இணையம், வண்டி, வீடு. யார் பெயர், யார் எண், யார் பணம் என்று மூன்று பத்தியாக எழுதி வாருங்கள். மூன்றாம் பத்தியை நிரப்ப, அவர்கள் அம்மாவிடம் போய் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும்.